திரும்பத் திரும்ப நின்றுபோகும் மடிக்கணனி: காரணம் காணும் வழி

எமது கிராமங்களிலுள்ள மாதர் சங்கங்கள், கமக்காரர் அமைப்புகள், சிக்கன கடனுதவுச் சங்கங்கள் என்பவற்றின் கணக்குகள் ஒரு காலத்தில் தடித்த பேரேடுகளில் எழுதப்பட்டன. இன்று அவற்றிற் பல ஒரு மடிக்கணனிக்குள் குடியேறிவிட்டன. அங்கத்தவர் பெயர், சேமிப்பு, கடன், வட்டி, தவணை யாவும் அதற்குள்ளேயே இருக்கின்றன. முன்பு அலுமாரிக்குப் பூட்டுப் போட்டால் போதும். இன்று அலுமாரியே இடையிடையே மயங்கி விழுகின்றது.

ஒரே ஒரு தடவை நின்றுபோன கணனியைப் பற்றி நாம் பெரிதாகக் கவலைப்பட வேண்டியதில்லை. மீண்டும் இயக்கி வேலையைத் தொடரலாம். ஆனால் வாரத்தில் மூன்று, நான்கு தடவை அது நின்றுபோகுமாயின் உள்ளே ஏதோவொரு காரணம் நிலைத்திருக்கின்றது என்பதே பொருள். இந்நிலையில் சங்கங்களில் வழக்கமாக மூன்று காரியங்கள் நடைபெறுகின்றன. ஒன்று, மீண்டும் மீண்டும் இயக்கி, இழந்த பதிவுகளைத் திரும்பப் பதிந்து, காலத்தைக் கடத்துவது. இரண்டு, கடைக்குக் கொண்டுபோய் “போமற்” செய்விப்பது. மூன்று, கணக்குப் பதியும் பிள்ளையைக் குற்றஞ்சாட்டுவது: “இந்தப் பிள்ளை எதையோ அமத்திப் போட்டுது.” மூன்றுக்கும் பொதுவான குறை ஒன்றுண்டு. எவரும் காரணத்தைத் தேடவில்லை.

இப்பாடத்தில் நாம் வலியுறுத்த விரும்புவது இதுதான்: திரும்பத் திரும்ப வரும் கோளாறுக்கு ஓர் ஒழுங்கு உண்டு. அந்த ஒழுங்கை எழுதி வைத்தால் காரணம் பெரும்பாலும் வெளிப்பட்டுவிடும். இதற்குப் பட்டப்படிப்பு வேண்டியதில்லை. ஒரு கொப்பியும் பேனாவும் பொறுமையும் போதும். எமது சங்கங்களில் அதிகம் பாவனையிலுள்ள விண்டோஸ் மடிக்கணனியையே இங்கு எடுத்துக்கொள்வோம்.

1. முதலில் கணக்கைக் காப்பாற்றுவோம்

வீடு எரியும்போது தீயின் காரணத்தை ஆராய்வதற்கு முன்னர் பிள்ளைகளை வெளியே எடுக்கிறோம். இங்கும் அப்படியே. கணனி இயங்கும் நேரத்தைப் பயன்படுத்தி முதலில் கணக்குக் கோப்புகளைப் பிரதி எடுக்க வேண்டும்.

இதற்கு உலகெங்கும் பின்பற்றப்படும் எளிய விதி ஒன்றுண்டு. மூன்று பிரதிகள், இரண்டு வகையான சாதனங்கள், ஒன்று வேறோர் இடத்தில். கணனியில் உள்ளது முதலாவது. பென் ட்றைவ் ஒன்றில் இரண்டாவது. தலைவியின் வீட்டிலோ இணையச் சேமிப்பிலோ மூன்றாவது. பிரதி எடுத்தபின் அதை வேறொரு கணனியில் திறந்து பார்க்க வேண்டும். திறக்க முடியாத பிரதி பிரதியே அல்ல. இதற்கு மேலாக, மாத இறுதியில் அங்கத்தவர் மீதிப் பட்டியலைக் காகிதத்தில் அச்சிட்டு, பொருளாளர் ஒப்பமிட்டு வைப்பது மிகவும் நல்லது.

இரண்டாவதாக ஒரு சாவியைத் தேடி எழுதி வைக்க வேண்டும். அண்மைக்கால விண்டோஸ் கணனிகள் பலவற்றில் பிற்லொக்கர் என்ற முறையினால் வன்தட்டு இரகசியக் குறியீடாக்கப்பட்டுப் பூட்டப்பட்டிருக்கும். கோளாறு பார்க்கும்போது கணனி சில வேளைகளில் 48 இலக்கங்கள் கொண்ட மீட்புச் சாவியைக் கேட்கும். அது இல்லையேல், நல்ல நிலையிலுள்ள கணக்கையும் எவராலும் திறக்க முடியாது. கணனியில் நுழையப் பயன்படுத்தும் மைக்ரோசொப்ற் கணக்கில் அச்சாவி பொதுவாகச் சேமிக்கப்பட்டிருக்கும். அதைக் காகிதத்தில் எழுதிச் சங்கத்தின் காசுப் பெட்டிக்குள் வைப்போம்.

கணக்கு அழிந்தால் யாருக்கு நட்டம் என்பதையும் ஒரு கணம் சிந்திக்க வேண்டும். பற்றுச்சீட்டுகளை ஒழுங்காக அடுக்கி வைத்திருக்கும் அங்கத்தவருக்கு நட்டமில்லை. ஓலைப் பெட்டிக்குள் வைத்து மழைக்குப் பறிகொடுத்த மூதாட்டிக்கே நட்டம். அவருடைய சேமிப்புக்கு அந்தக் கணனி ஒன்றே சாட்சி.

2. “நின்றுவிட்டது” என்பது ஒரே நோய் அல்ல

காய்ச்சல் என்றவுடன் வைத்தியர் மருந்து எழுதுவதில்லை. குளிர் உண்டா, எந்நேரம் வருகிறது, எத்தனை நாள் என்று கேட்கிறார். கணனி நின்றுபோவதிலும் ஐந்து வகைகளை நாம் பிரித்தறிய வேண்டும்.

அ) எவ்வித அறிவித்தலுமின்றி, விளக்கு அணைவதுபோல் சடுதியாக அணைந்துபோதல். இங்கு பெரும்பாலும் மின்சாரம் அல்லது வெப்பமே சந்தேகத்துக்குரியது.

ஆ) நீலத் திரையொன்று தோன்றி, சில சொற்களைக் காட்டி, பின்னர் மீண்டும் இயங்கத் தொடங்குதல். விண்டோஸ் 11 இன் புதிய பதிப்புகளில் 2025 தொடக்கம் இத்திரை கறுப்பு நிறமாக மாற்றப்பட்டுள்ளது. பலர் இத்திரையைக் கண்டு அஞ்சுகின்றனர். உண்மையில் இது ஒரு காவல் நடவடிக்கை. உள்ளே ஏதோ பிழைத்துவிட்டதைக் கண்ட விண்டோஸ், தொடர்ந்து இயங்கினால் கோப்புகள் பழுதாகலாம் என்பதால் தன்னைத்தானே நிறுத்திக்கொள்கின்றது. நிறுத்துமுன் காரணத்தைக் குறிக்கும் சில சொற்களையும் எழுதிக் காட்டுகின்றது. அச்சொற்களைக் கைத்தொலைபேசியில் படம் பிடித்துவிட வேண்டும்.

இ) திரை அப்படியே உறைந்துபோதல். அப்போது விசைப்பலகையிலுள்ள பெரிய எழுத்து விசையை அழுத்திப் பார்க்கவும். அதன் சிறு விளக்கு எரிந்து அணைந்தால் கணனி உள்ளே உயிருடன் இருக்கின்றது. சில நிமிடங்கள் பொறுத்திருக்கலாம்.

ஈ) கணனி இயங்க, கணக்கு மென்பொருள் மட்டும் மூடிக்கொள்ளுதல். இங்கு அம்மென்பொருளையோ, அது திறக்கும் கோப்பையோ முதலில் சந்தேகிக்க வேண்டும்.

உ) இயங்கத் தொடங்கும்போதே நின்று, மீண்டும் தொடங்கி, மீண்டும் நிற்றல்.

3. பார்ப்போம்: நிகழ்வுக் கொப்பி

1947 செப்ரெம்பர் 9 ஆம் திகதி அமெரிக்காவின் ஹாவார்ட் பல்கலைக்கழகத்தில் ‘மார்க் 2’ என்ற ஓர் அறை நிறைந்த கணிப்பொறி கோளாறடைந்தது. அதனை இயக்கியவர்கள் தேடிப் பார்த்தபோது ஒரு மின் ஆளிக்குள் அந்துப்பூச்சியொன்று சிக்கியிருந்தது. அவர்கள் பூச்சியை எடுத்து எறிந்துவிடவில்லை. நாட்குறிப்பில் நேரத்தைக் குறித்து, பூச்சியையும் அப்பக்கத்திலேயே ஒட்டி வைத்தார்கள். அந்நாட்குறிப்பு இன்றும் வாஷிங்ரன் நகரில் ஸ்மித்சோனியன் நிறுவனத்தின் அருங்காட்சியகத்தில் இருக்கின்றது. பெரிய பல்கலைக்கழகத்தவர்கள் செய்த அந்தச் சிறு காரியத்தையே நாமும் செய்ய வேண்டும்: நடந்ததை நடந்த நேரத்தில் எழுதுதல்.

சாதாரண சீ.ஆர். கொப்பி ஒன்றை எடுத்துக் கணனியின் அருகில் வைப்போம். ஒவ்வொரு தடவையும் ஆறு விடயங்களைக் குறிப்போம். திகதியும் நேரமும், என்ன வேலை நடந்தது, சார்ஜரிலா, பற்றரியிலா, அடிப்பக்கம் சூடா, திரையில் என்ன தெரிந்தது, அண்மையில் புதிதாக ஏதாவது செருகப்பட்டதா அல்லது நிறுவப்பட்டதா. கோளாறின்றி வேலை செய்த நாளையும் எழுத வேண்டும். நோயில்லாத நாளும் வைத்தியருக்கு ஒரு செய்தியே.

ஓர் உதாரணத்துக்கு, ஒரு மாதர் சங்கத்தின் கொப்பி இப்படி இருப்பதாக வைத்துக்கொள்வோம்.

திங்கள், மு.ப. 9.30: பற்றரியில் இரண்டு மணித்தியாலம் பதிவு. கோளாறில்லை.
செவ்வாய், பி.ப. 2.40: சார்ஜரில். அறிவித்தலின்றி அணைந்தது. அடிப்பக்கம் கை வைக்க முடியாத சூடு.
புதன், பி.ப. 3.05: சார்ஜரில். அதேபோல் அணைந்தது. சூடு. மேசையில் தடித்த துணி விரிப்பு.
வியாழன், மு.ப. 10.10: நீலத் திரை. ‘மெமறி மனேஜ்மன்ற்’ என்ற சொற்கள். சூடில்லை.
சனி, பி.ப. 2.55: சார்ஜரில். அறிவித்தலின்றி அணைந்தது. சூடு.
ஞாயிறு, மு.ப. 8.45: நீலத் திரை. இம்முறை வேறு சொற்கள். சூடில்லை.

இதை வாசிப்பவர் கணனி படிக்காதவராயினும் ஒன்றைக் காண்பார். இங்கு இரண்டு நோய்கள் இருக்கின்றன. பிற்பகலில் சூட்டோடு வருவது ஒன்று. காலையில், குளிர்ந்த நிலையில், நீலத் திரையோடு வருவது மற்றொன்று. கொப்பி இல்லாவிடின் இரண்டும் சேர்ந்து “எந்நேரமும் நிற்கிறது” என்ற ஒரே முறைப்பாடாகவே கடைக்குச் சென்றிருக்கும்.

விண்டோஸும் தனக்கென ஒரு நாட்குறிப்பு எழுதுகின்றது. தேடற் பெட்டியில் ‘ரிலையபிலிற்றி’ என்ற ஆங்கிலச் சொல்லை இட்டால் ‘வியூ ரிலையபிலிற்றி ஹிஸ்ரறி’ என்ற பக்கம் தோன்றும். நாள் வாரியாக எந்த மென்பொருள் நின்றது, எந்த நாளில் கணனி முறையின்றி அணைந்தது, எந்த நாளில் புதிய அப்டேற் நிறுவப்பட்டது என்பவற்றை அது சிவப்பு, மஞ்சள், நீல அடையாளங்களுடன் காட்டும். இன்னும் விரிவான ‘ஈவென்ற் வியூவர்’ என்ற பதிவேட்டில் ‘கேர்னல் பவர் 41’ என்ற குறிப்பைப் பலர் கண்டு குழம்புவர். கணனி முறைப்படி மூடப்படாமல் அணைந்தது என்பதையே அது சொல்கின்றது. ஏன் அணைந்தது என்பதை அது சொல்வதில்லை. ஆகவே எமது கொப்பியையும் விண்டோஸின் பதிவையும் பக்கம் பக்கமாக வைத்து ஒப்பிட வேண்டும்.

4. ஆராய்வோம்: ஐந்து சந்தேகங்கள்

மின்சாரம். எமது நாட்டில் 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்ததை எவரும் மறந்திருக்க மாட்டார். மின்வெட்டைவிடக் கண்ணுக்குத் தெரியாதது ஒரு விநாடி போய் வரும் மின்சாரமாகும். நல்ல பற்றரியுள்ள மடிக்கணனி அதை உணராது. பற்றரி செத்துப்போன மடிக்கணனியோ ஒவ்வொரு தடவையும் அணைந்துவிடும். இதைச் சோதிப்பது இலகு. வேலையைச் சேமித்துவிட்டு, எல்லாவற்றையும் மூடி, சார்ஜரைக் கழற்றிப் பார்க்கவும். அக்கணமே அணைந்தால் அது கணனியின் கோளாறல்ல, பற்றரியின் முடிவு.

அடுத்து, சார்ஜரைத் திருப்பி அதன் அடியில் எழுதியிருப்பதை வாசிக்கவும். வட்டக் குழாய் முனையுள்ள சார்ஜரில் வோல்ற்றளவு கணனியில் குறிப்பிட்ட அளவாகவே இருக்க வேண்டும். அம்பியர் அளவு அதே அளவாகவோ கூடுதலாகவோ இருக்கலாம், குறையக் கூடாது. 65 வாற்று கேட்கும் கணனிக்கு 45 வாற்றுச் சார்ஜரைக் கொடுப்பது, இரண்டு மாடு இழுக்கும் வண்டியை ஒரு மாட்டில் பூட்டுவது போன்றது. மேட்டில் நின்றுவிடும். சிறிய மின்பிறப்பாக்கி, மலிவான இன்வேற்றர் என்பவற்றில் இயக்கும் நாட்களையும் கொப்பியில் தனியாகக் குறிப்பது நன்று.

ஓர் எச்சரிக்கை. பற்றரி வீங்கி, தொடுபலகை மேலெழுந்தோ, மூடி சரியாகப் பொருந்தாமலோ இருந்தால் கணனியை உடனே அணைத்து, சார்ஜரைக் கழற்றி, தீப்பற்றும் பொருட்களுக்கு அப்பால் வைக்க வேண்டும். வீங்கிய லிதியம் பற்றரியைக் குத்தவோ, அழுத்தவோ, குப்பையோடு எரிக்கவோ கூடாது. அது தீப்பற்றும். தெரிந்தவரைக் கொண்டே அகற்றுவிக்க வேண்டும்.

வெப்பம். மடிக்கணனியின் செயலி 100 பாகை செல்சியஸை அண்மிக்கும்போது தன் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அதற்கும் அடங்காவிடின் தன்னைக் காக்கச் சடுதியாக அணைந்துவிடும். உள்ளேயுள்ள சிறு விசிறி வெளிக்காற்றை இழுத்தே குளிரச் செய்கின்றது. தகரக் கூரையின் கீழ், பங்குனி சித்திரை வெயிலில், வெளிக்காற்றே சூடாக இருக்கும்போது தூசி படிந்த விசிறி என்ன செய்யும்? மெத்தை, துணி விரிப்பு, மடி ஆகியவை அடிப்பக்கத் துவாரங்களை அடைத்துவிடும். தடித்த துணியை எடுத்துவிட்டு இரண்டு மரச் சட்டங்களின் மேல் கணனியை வைப்பதே முதல் மருந்து. செலவில்லை.

தூசி எடுக்கும்போது கணனியை அணைத்து, சார்ஜரையும் கழற்ற வேண்டும். மென்மையான தூரிகை போதும். ரயர் கடைக் காற்றைப் பிடித்து அடிக்கக் கூடாது. அதன் அமுக்கம் விசிறியை உடைக்கும். அதிலுள்ள ஈரம் மின்சுற்றுக்குள் செல்லும். பல வருடம் பாவித்த கணனியில் செயலிக்கும் வெப்பங்கடத்தும் உலோகத்துக்கும் இடையிலுள்ள பசையும் காய்ந்திருக்கலாம். அதைப் புதுப்பிப்பது தொழில் தெரிந்தவரின் வேலை.

நினைவகம். ‘றாம்’ எனப்படும் நினைவகமே கணனியின் எழுதுபலகை. அதில் ஓரிடம் பழுதாயின் கணனி எழுதியது ஒன்று, வாசிப்பது வேறொன்றாகிவிடும். நீலத் திரையில் ‘மெமறி’ என்ற சொல் வருவதும், ஒவ்வொரு தடவையும் வெவ்வேறு சொற்கள் மாறி மாறி வருவதும் நினைவகத்தைச் சந்தேகிக்க வைக்கின்றன. தேடற் பெட்டியில் ‘மெமறி’ என்று இட்டால் ‘விண்டோஸ் மெமறி டயக்னோஸ்ரிக்’ கிடைக்கும். அது கணனியை மீண்டும் தொடக்கி நினைவகத்தைச் சோதிக்கும். கூடிய நிச்சயம் வேண்டுவோர் ‘மெம்ரெஸ்ற்86’ என்ற சோதனையைப் பென் ட்றைவில் இருந்து இரவு முழுவதும் ஓடவிடலாம். ஒரு பிழை காணப்பட்டாலும் அலட்சியம் செய்யக் கூடாது.

வன்தட்டு. கோப்பு திறக்க நீண்ட நேரம் எடுத்தல், இடையிடையே உறைதல், பழைய வகைச் சுழலும் தட்டாயின் ‘டிக் டிக்’ என்ற ஓசை ஆகியன இதன் அறிகுறிகள். சுழலும் தட்டுள்ள மடிக்கணனியை இயங்கும் நிலையிலேயே மோட்டார் சைக்கிளில் கொண்டுசெல்வது அதன் ஆயுளைக் குறைக்கும். வன்தட்டில் சந்தேகம் வந்தால் வேறு எந்தச் சோதனைக்கும் முன்னர் பிரதி எடுக்க வேண்டும். சாகக் கிடக்கும் தட்டுக்கு ஒவ்வொரு சோதனையும் ஒரு பாரமே.

மென்பொருள். எல்லாக் கோளாறும் பொருளில் இல்லை. 2024 யூலை 19 ஆம் திகதி கிறவுட்ஸ்றைக் என்ற பாதுகாப்பு மென்பொருள் நிறுவனம் அனுப்பிய ஒரு பிழையான அப்டேற் காரணமாக உலகெங்கும் சுமார் 85 இலட்சம் விண்டோஸ் கணனிகள் நீலத் திரையில் விழுந்தன. விமான நிலையங்களும் வைத்தியசாலைகளும் தடுமாறின. அப்பிழையான கோப்பு 78 நிமிடங்களில் மீளப்பெறப்பட்டது. ஆயினும் விழுந்த கணனிகளைப் பெரும்பாலும் ஒவ்வொன்றாகக் கையினாலேயே எழுப்ப வேண்டியிருந்தது. அவற்றில் ஒரு திருகாணிகூடப் பழுதில்லை. அன்று நினைவகத்தை மாற்றியவருக்குப் பணமே நட்டம்.

ஆகவே “எப்போது தொடங்கியது, அதற்கு முன் என்ன மாறியது” என்று கேட்க வேண்டும். புதிய அச்சியந்திரமா, புதிய வைரஸ் தடுப்பு மென்பொருளா, அப்டேற்றா? இதை அறிய ‘சேவ் மோட்’ என்ற குறைந்தபட்ச இயக்கம் உதவும். ‘சிவ்ற்’ விசையை அழுத்தியபடி ‘றீஸ்ராற்’ கொடுத்தால் அதற்கான வழி திறக்கும். அந்நிலையில் கணனி நெடுநேரம் ஒழுங்காக இயங்கினால், பின்னர் சேர்க்கப்பட்ட ஒரு மென்பொருளையோ ட்றைவரையோ சந்தேகிக்கலாம். அங்கும் நின்றால் பொருட் கோளாறின் பக்கம் சந்தேகம் சாய்கின்றது. விண்டோஸ் 10 இற்கான வழமையான ஆதரவு 2025 ஒக்ரோபர் 14 உடன் முடிவுற்றது. அதனால் பாதுகாப்புக் குறைகின்றதே தவிர, அதற்காகவே கணனி நின்றுபோவதில்லை. “பழைய விண்டோஸ், அதுதான் நிற்கிறது” என்று சொல்லிப் புதியதை விற்பவரிடம் ஆதாரம் கேட்போம்.

5. செயற்படுவோம்: ஒரு நேரத்தில் ஒரு மாற்றம்

சந்தேகங்களை வரிசைப்படுத்திய பின், செலவில்லாததையும் ஆபத்தில்லாததையும் முதலில் செய்ய வேண்டும். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி, சில நாட்கள் பார்த்து, கொப்பியில் எழுத வேண்டும். ஒரே நாளில் விசிறியைத் துடைத்து, நினைவகத்தை மாற்றி, விண்டோஸையும் புதிதாக நிறுவினால், கோளாறு நின்றாலும் எதனால் நின்றது என்று தெரியாது. பயிருக்கு மூன்று மருந்தை ஒன்றாகக் கலந்து அடித்த கமக்காரருக்கு எந்தப் பூச்சி எதற்குச் செத்தது என்று தெரியாததுபோல்.

கையால் தொடவே முடியாத ஒரு கணனியையும் மனிதர் இவ்வாறு திருத்தியிருக்கின்றனர். 1997 யூலை 4 இல் அமெரிக்காவின் பாத்பைண்டர் விண்கலம் செவ்வாய்க் கிரகத்தில் இறங்கியது. சில நாட்களில் அதன் கணனி தானாகவே நின்று மீண்டும் மீண்டும் தொடங்கியது. கலிபோர்னியாவிலுள்ள பொறியியலாளர்கள் தம்மிடமிருந்த அதே மாதிரிக் கணனியை இயக்கி, நிகழ்வுகளைப் பதிந்து, அதே கோளாறு இங்கும் வரும்வரை பார்த்திருந்தனர்.

காரணத்தைச் சங்க மொழியில் சொல்வதாயின் இப்படி: அலுவலகத்தில் ஒரே முத்திரை. அதைக் கடைநிலை எழுதுவினைஞர் எடுத்துவிட்டார். தலைவர் முத்திரைக்காகக் காத்திருக்கிறார். இதற்கிடையில் இடைநிலை அலுவலர் ஒருவர் வந்து எழுதுவினைஞரின் இடத்தைப் பிடித்து நெடுநேரம் வேலை செய்கிறார். தலைவரின் வேலை குறித்த நேரத்தில் முடியாததைக் கண்ட காவலாளி, அலுவலகத்தையே மூடித் திறக்கிறார். திருத்தம் மிக எளிது. முத்திரை கையிலிருக்கும் நேரத்தில் எழுதுவினைஞருக்குத் தலைவரின் தரத்தைக் கொடுத்துவிட்டால் எவரும் அவரை இடைமறிக்க முடியாது. அந்த ஒரு மாற்றத்தைப் பூமியிலிருந்து அனுப்பினர். கோளாறு தீர்ந்தது. பார்த்து, பதிந்து, மீண்டும் நிகழச் செய்து, ஒன்றையே மாற்றினார்கள். முறை எமது கொப்பியின் முறையே.

எமது உதாரணச் சங்கத்துக்கு வருவோம். முதல் வாரம் துணி விரிப்பை எடுத்து, மரச் சட்டத்தில் வைத்து, துவாரத் தூசியைத் துடைக்கின்றனர். பிற்பகல் அணைதல் நின்றுவிடுகின்றது. நீலத் திரை மட்டும் தொடர்கின்றது. அது நிற்காததும் ஒரு நல்ல செய்தியே. இரண்டும் வேறு என்பது உறுதியாகிவிட்டது. அடுத்த வாரம் நினைவகச் சோதனை செய்யப் பிழை காட்டுகின்றது. கணனியில் இரண்டு நினைவகத் துண்டுகள் இருப்பதால், ஒன்றைக் கழற்றி மற்றதைத் தனியே சோதிக்கின்றனர். பழுதான துண்டு எது என்று தெரிந்துவிடுகின்றது. மாற்ற வேண்டியது அது ஒன்றே. சில மெல்லிய கணனிகளில் நினைவகம் பலகையோடு ஒட்டப்பட்டிருக்கும். அங்கு இது இயலாது. ஆயினும் காரணம் தெரிந்த பின்னரே புதிய கணனி வாங்குவதா என்று கூட்டத்தில் தீர்மானிக்கலாம்.

6. கடைக்குக் கொண்டுசெல்லும்போது

திருத்துபவரின் உதவி தேவைப்படும் இடங்கள் உண்டு. அப்போது “நிற்குது, பாருங்கோ” என்று கொடுத்துவிட்டு வராமல் கொப்பியையும் கொண்டுசெல்வோம். நல்ல திருத்துநர் அதைக் கண்டு மகிழ்வார். பின்வருவனவற்றைக் கேட்டு எழுதிப் பெறுவோம்.

– எமது அனுமதியின்றிப் போமற் செய்யக் கூடாது.
– எந்தச் சோதனையின் அடிப்படையில் இப்பாகத்தை மாற்றச் சொல்கிறீர்கள்?
– கழற்றிய பழைய பாகத்தைத் திருப்பித் தர வேண்டும்.
– புதிய பாகத்துக்கு எவ்வளவு காலம் உத்தரவாதம்?

போமற் செய்வது சில மென்பொருட் கோளாறுகளுக்கு மருந்துதான். ஆனால் வெப்பத்துக்கும் பழுதான நினைவகத்துக்கும் செத்த பற்றரிக்கும் அது மருந்தல்ல. கணக்கு அழிந்திருக்கும், கோளாறு அப்படியே இருக்கும்.

7. குற்றஞ்சாட்டுமுன்

கணக்குப் பதியும் பிள்ளை பெரும்பாலும் சாதாரண தரமோ உயர்தரமோ முடித்து, சிறு கொடுப்பனவுக்கு வேலை செய்பவள். கணனி நிற்கும்போது அதன் முன்னால் இருப்பவள் அவளே. ஆகவே பழியும் முதலில் அவள் மீதே விழுகின்றது. இரண்டு தடவை பேச்சுக் கேட்டபின் அவள் மூன்றாம் தடவை நின்றதைச் சொல்ல மாட்டாள். மறைப்பாள். சங்கம் தன் ஒரே சாட்சியை இழந்துவிடும்.

மேலே கண்ட உதாரணத்தைத் திரும்பிப் பார்த்தால், துணி விரிப்பும் பழுதான நினைவகத் துண்டுமே காரணங்கள். அவள் எந்த விசையையும் பிழையாக அமத்தவில்லை. வழமையான பதிவு வேலையில் விசைப்பலகையின் ஒரு பிழையான தட்டு, நல்ல நிலையிலுள்ள விண்டோஸ் கணனியை நாளாந்தம் விழுத்துவதில்லை. கொப்பி கோளாறைக் கண்டுபிடிக்கும் கருவி மட்டுமல்ல. குரலற்றவருக்கு அது ஒரு சாட்சிப் பத்திரமுமாகும். ஆகவே கொப்பியை எழுதும் பொறுப்பை அவளிடமே கொடுத்து, அவள் எழுதியதைக் கூட்டத்தில் வாசிப்போம். கோளாறைச் சொன்னவரைப் பாராட்டும் சங்கத்தில் கோளாறு நீண்டநாள் ஒளிந்திருக்காது.

கூட்டத்தில் கலந்துரையாட

1. எமது சங்கக் கணக்கின் பிரதி எத்தனை? கடைசியாக எந்தத் திகதியில் அதைத் திறந்து பார்த்தோம்?
2. மீட்புச் சாவி எங்கே எழுதி வைக்கப்பட்டுள்ளது? இருவருக்காவது அது தெரியுமா?
3. எமது கணனி வைக்கப்பட்டுள்ள இடத்தின் காற்றோட்டம், வெயில், தூசி, எறும்பு பற்றி இன்றே பார்த்து என்ன மாற்றலாம்?
4. சென்ற வருடம் கணனித் திருத்தத்துக்குச் செலவழித்த பணத்தில் எவ்வளவு, காரணம் தெரிந்த பின்னர் செலவழிக்கப்பட்டது?
5. கோளாறு ஏற்பட்டபோது நாம் முதலில் கேட்டது “என்ன நடந்தது?” என்றா, “யார் செய்தது?” என்றா?

அடுத்த கூட்டத்துக்கு முன்னர் ஒரு சீ.ஆர். கொப்பி வாங்கி, முதற் பக்கத்தில் ஆறு நிரல்களை வரைந்து கணனியருகே வைப்பதே இப்பாடத்தின் செயற்பயிற்சியாகும்.